கை அகல இரும்பு

போன மாசி மாதம் போடியிலிருந்து மாமா போன் செய்தார். வழக்கமாக நலம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, ஏலக்காய் விலையைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று நேராக வந்துவிட்டார்.

“மாப்ள, நம்ம ஜீப்ப ஒருத்தரு கேக்குறாரு. கோயமுத்தூர் பக்கம். பழைய வண்டியா வாங்கிச் சேத்து வச்சிருக்கவராம். நல்ல வெல சொல்றாரு. ஆனா ஒரு லெட்டர் வேணுங்கிறாரு.”

“என்ன லெட்டர் மாமா?”

“இது பர்மா சண்டைக்குப் போன வண்டிதான்னு. நீ ஆட்டோமொபைல் வாத்தியாரு. நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிறேன்னுட்டாரு.”

நான் முப்பத்தொரு வருடம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நான் டிப்ளமா படித்தபோது ஃபீஸ் கட்டியவர் மாமா. அந்தப் பணம் அந்த ஜீப் மலையேறி இறங்கியதில் வந்த பணம். அத்தைக்கு முட்டி மாற்று ஆபரேஷன் செய்யவேண்டியிருந்ததும் எனக்குத் தெரியும். அதனால் கேட்ட உடனே சரி என்றேன். ஒரு பக்கக் கடிதம்தானே.

பர்மா கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 1974-ல் மதுரையில், ராணுவ ஏலத்தில் வண்டிகளை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கும் ஒருவரிடம் மாமா இந்த ஜீப்பை வாங்கினார். ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்போதுதான். எனக்குப் பத்து வயது. ஜப்பான்காரனோடு சண்டை போட்ட வண்டி, பர்மாவிலிருந்து வந்தது என்று விற்றவர் மாமாவிடம் சொன்னாராம். மாமா எங்களிடம் சொன்னார். நாங்கள் தெருப் பையன்களிடம் சொன்னோம். பின்பக்கத் தகட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் விரலை விட்டு, துப்பாக்கிக் குண்டு போன ஓட்டை என்று காட்டுவோம். டிப்ளமா படிக்கும்போதுதான் தெரிந்தது, அது இழுவண்டி விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாக்கெட் இருந்த இடம் என்று. யாரிடமும் சொல்லவில்லை. குண்டு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், முதல் பொய்ச் சான்றிதழில் நான் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

*

பழைய ராணுவ ஜீப் ஒன்றை யார் செய்தது, எங்கே ஓடியது என்று கண்டுபிடிப்பது கடினமான வேலை. அந்தக் கடினம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த பான்டம் என்ற சின்னக் கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெரிய ஆர்டர் டொலீடோவிலிருந்த வில்லிஸ்-ஓவர்லேண்டுக்குப் போனது. ஒரு கம்பெனியால் போருக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால், வில்லிஸின் வரைபடங்களை வைத்தே ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. வில்லிஸ் வண்டிக்குப் பெயர் எம்.பி. ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. அதில் ஜி அரசாங்க வண்டி என்பதையும், பி 80 அங்குல வீல்பேஸையும், டபிள்யூ வில்லிஸின் வடிவமைப்பையும் குறிக்கும். ஃபோர்டு வண்டியின் பெயரிலேயே இன்னொரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. 1945-க்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன.

ராணுவம் வைத்த நிபந்தனை முக்கியமானது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும். களத்தில் ஒரு ஃபோர்டு வண்டியின் ஆக்ஸில் உடைந்தால், பக்கத்தில் குண்டடிபட்டுக் கிடக்கும் வில்லிஸிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போகலாம். ஆரம்பத்தில் இரண்டு கம்பெனிகளும் பின்பக்கத் தகட்டில் தங்கள் பெயரைப் பொறித்தன. 1942-ல் அதுவும் நின்றுபோனது. வண்டிக்குத் தனி முகம் வேண்டாம் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருந்தது.

போருக்குப் பிறகு இது இன்னும் தீவிரமானது. பசிபிக் தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்த வண்டிகளை அமெரிக்க ராணுவம் ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தது. ‘ஆபரேஷன் ரோல்-அப்’ என்று அதற்குப் பெயர். அப்படிச் சீரான வண்டிகள்தான் 1950-ல் கொரியப் போருக்குப் போயின. பாரிஸ் அருகே மால்தூர்னே என்ற இடத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஜீப்களைக் கடைசி நட்டு வரை பிரித்து, பாகங்களை வகை வகையாகப் பிரித்துப் போட்டு, தேறியவற்றைக் கொண்டு மீண்டும் ஜீப்கள் கட்டினார்கள். உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் ஒன்றா என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் தடயங்கள் உண்டு. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, எஃப் என்ற எழுத்தைக் குத்தி அனுப்பியது. முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்துப் போட்ட ப வடிவம். வில்லிஸின் சேஸ் நம்பர், இடது சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த ஒரு சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டு, இடது சட்டத்தின் மேற்பரப்பிலேயே, எஞ்சினுக்குப் பக்கத்தில், எண்ணைக் குத்திவிடும். கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால வண்டி. 1945-க்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற ஜீப்களில் ஏழு.

இவ்வளவும் எனக்குத் தெரியும். வகுப்பில் பையன்கள் தூங்கும்போது எழுப்புவதற்காகச் சொல்லும் விஷயங்கள். ஐம்பது வருடம் எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற வண்டியைக் குனிந்து பார்க்க மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

*

டார்ச்சு, எமரித் தாள், கம்பி பிரஷ், ஒரு கோணிச்சாக்கு. மூன்று நாள் ஷெட்டில் இருந்தேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எண்பது தாண்டியவர். கதை கேட்க வந்த குழந்தைபோல இருந்தது அவர் முகம்.

முதல் நாள் எல்லாம் நல்லபடியாகவே போனது. கிரில்லில் ஒன்பது பிளவு. முகப்பு விளக்குகள் கீல் வைத்தவை. காதுநட்டைத் தளர்த்தி விளக்கைத் திருப்பினால் வெளிச்சம் எஞ்சின்மேல் விழும். “ராத்திரி மெட்டுல நின்னுட்டா இதத் திருப்பி வச்சுத்தான் வேல பாப்பேன்” என்றார் மாமா. போர்க்கால ஜீப்புக்கே உரிய ஏற்பாடு அது. பானெட்டை ஓர் ஓரத்தில் எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே சந்தன நிறம். அதன் கீழே நீலம். அதற்கும் கீழே பச்சை, அதன் அடியில் இன்னொரு மங்கிய பச்சை. அந்தக் கடைசிப் பச்சையின்மேல் வெள்ளையில் ஒரு ‘எம்’, பிறகு இரண்டு எண்கள், மீதி கரைந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் கார், ஜீப் வகைகளுக்கு முன்னால் போடும் எழுத்து எம். கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்த ஜீப்கள் பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் நிறைய இருந்தன. இம்பாலிலும் கோஹிமாவிலும் ஓடின. பர்மாவில் ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்தன. ஸ்ட்ரெச்சர் கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்தன. பர்மா கதை மெய்யாகவே இருக்கலாம் என்று நினைத்தபோது எனக்கே சிலிர்த்தது. மாமாவிடம் சொன்னேன். “நான்தான் சொன்னேன்ல” என்றார்.

இரண்டாம் நாள் கீழே படுத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஃபோர்டு, வருடம் 1944, சேஸ் எண் ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்குகிறது. பின் ஆக்ஸில் பக்கம் சில போல்ட்டுகளில் எஃப் இருந்தது. சரி என்று முன்பக்கம் நகர்ந்தேன். குறுக்குத் தண்டு உருண்டையாக இருந்தது.

டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். உருண்டைக் குழாய்தான். இடது சட்டத்தின் உட்புறம் கிரீஸைச் சுரண்டினேன். தகடு இல்லை. ரிவெட் துளைகள் இருந்தன. அது வில்லிஸின் சேஸ். புத்தகம் ஃபோர்டு என்கிறது. எழுந்து, எஞ்சின் பக்கத்தில் சட்டத்தின் மேற்பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். புத்தகத்தில் உள்ள ஜி.பி.டபிள்யூ. எண் ஒவ்வொரு இலக்கமும் பிசகாமல் அங்கே இருந்தது. அந்த எண்ணைச் சுற்றி, நாலு பக்கமும், வெல்டிங் போட்டு அரத்தால் ராவிய கோடு ஓடியது.

ஒரு ஃபோர்டு சேஸிலிருந்து, எண் குத்திய இடத்தை மட்டும் கை அகலத்துக்கு வெட்டியெடுத்து, வில்லிஸ் சேஸில் அதே அளவுக்கு வெட்டி, பதித்திருக்கிறார்கள். நல்ல வேலை. என் மாணவன் செய்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பேன். திருட்டு வண்டியை நல்ல வண்டியாக்குகிறவர்கள் செய்கிற வேலையும் இதுவே.

வாசலைப் பார்த்தேன். மாமா எழுந்து உள்ளே போயிருந்தார்.

*

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தத்துவத்தில் ஒரு பழைய புதிர் உண்டு. புளூட்டார்க் சொல்வது. ஏதென்ஸ் மக்கள் தீஸியஸ் என்ற வீரனின் கப்பலைப் பாதுகாத்தார்கள். பலகை உளுத்தால் எடுத்துவிட்டுப் புதுப்பலகை போட்டார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா? பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார். கழித்துப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது தீஸியஸின் கப்பல் எது?

என் முன்னால் இருந்தது ஹாப்ஸின் கப்பல்தான். எங்கோ ஒரு ஃபோர்டு சேஸ், எண் இருந்த இடத்தில் கை அகல ஓட்டையோடு, இரும்பாக உருகியிருக்கும். அல்லது இன்னொரு ஜீப்பின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஷெட்டில் இருப்பது வில்லிஸ் எலும்பு, ஃபோர்டு பெயர், யாருடையதோ ஒரு பானெட், 1979-ல் பெட்ரோல் விலைக்குப் பயந்து மாற்றிய டீசல் எஞ்சின், போடி டிங்கர் தட்டிய பாடி. இதில் பர்மாவுக்குப் போனது எது? பானெட் என்று சொல்லலாம். பானெட்டுக்கு விலை கொடுக்க யாரும் கோயம்புத்தூரிலிருந்து வரமாட்டார்கள்.

நம் பக்கத்துப் பதில் ஒன்றும் நினைவுக்கு வந்தது. பாலி மொழியில் உள்ள மிலிந்த பன்ஹாவில், மிலிந்தன் என்ற கிரேக்க வம்சத்து அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் வாதிட வருகிறான். எதில் வந்தாய் என்று பிக்கு கேட்கிறார். தேரில். அச்சுதான் தேரா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகமா? இல்லை. இவற்றைக் கூட்டிவைத்தால் நாம் இடும் பெயர்தான் தேர். அதற்கு அப்பால் தேர் என்று தனியாக ஒன்று இல்லை. ஓர் ஆட்டோமொபைல் வாத்தியாருக்கு இதைவிட உவப்பான தத்துவம் கிடையாது. வண்டி என்பது பாகங்களின் பட்டியலுக்கு நாம் வைத்த பெயர்.

அப்படியானால் மாமாவுக்கு நான் என்ன கடிதமும் கொடுக்கலாம். அதே வண்டி என்றாலும் சரி, வேறு வண்டி என்றாலும் சரி, எல்லாம் வெறும் பெயர். அந்த முடிவின் சௌகரியம்தான் எனக்கு உறுத்தியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிற குமாஸ்தாவுக்கு அது வெறும் பெயர் இல்லை. யாராவது இதே எண்ணைத் தேடி என்றாவது வந்தால் அவருக்கும் இல்லை. ஜான் லாக் மனிதனின் அடையாளத்தைப் பற்றி எழுதும்போது, ‘நபர்’ என்பது வழக்காடு மன்றத்தைச் சேர்ந்த சொல் என்கிறார். யாருக்குப் பாராட்டு, யாருக்குத் தண்டனை என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால்தான், அன்று செய்தவனும் இன்று நிற்பவனும் ஒருவனா என்று கேட்கிறோம். லாக் சொன்னது மனிதனைப் பற்றி. வண்டி விஷயத்திலும் இது பொருந்தும் என்று அன்றிரவு பட்டது. பொழுதுபோகாமல் யாரும் ‘இது அதே வண்டியா’ என்று கேட்பதில்லை. யாரோ எதற்கோ பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

*

மூன்றாம் நாள் காலை நானே கேட்டேன். “மாமா, சேஸ் எப்ப மாத்துனீங்க?”

“நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுடா.”

“நீங்கதான மாமா பாக்கச் சொன்னீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். பிறகு சொன்னார்.

1982 ஐப்பசி. நல்ல மழை. போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு தாண்டிக் கேரளப் பக்கம் போய், சாயங்காலம் கூட்டிவருவது மாமாவின் தொழில். இன்றும் தேனி மாவட்டத்தில் எத்தனையோ ஜீப்கள் இதைச் செய்கின்றன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அன்று வண்டியை ஓட்டியது மாமா வைத்திருந்த டிரைவர் பையன். காலையில் கிளம்பும்போதே பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கிறான். “போயிட்டு வா, சாயந்திரம் பாத்துக்குவம்” என்றிருக்கிறார் மாமா. வண்டியில் பதினாலு பேர். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி நிற்கவில்லை. சறுக்கிப் புரண்டு கீழே ஒரு மரத்தில் முட்டி நின்றது. மூன்று பேருக்குக் கை, கால் முறிவு. ஓர் அம்மா அங்கேயே போய்விட்டார்.

எங்களுக்கு அன்று சொல்லப்பட்டது, ‘வண்டி லேசா சாஞ்சிருச்சு.’ நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன்.

“காரியத்துக்குப் பணம் குடுத்தேன். கேசு டிரைவர் பேர்ல போச்சு. அவன் அப்புறம் ஊருக்கே வரல” என்றார் மாமா. “வண்டிய ரெடி பண்ணிக் கொண்டாந்தா ஒரு பொம்பள ஏற மாட்டேங்குறா. காவு வாங்குன வண்டின்னுட்டாளுக. ரெண்டு மாசம் சும்மா நின்னுச்சு. சேசும் கோணிப்போச்சு, ஒரு பக்கமா இழுக்கும். மதுரைக்கு ஓட்டிட்டுப் போயி, காயலான் கடையில ஒரு சேசு கெடந்துச்சு, அத வாங்கிப் போட்டேன். நீலத்த மாத்திச் சந்தனக் கலர் அடிச்சேன். ஊருக்கு வந்து சொன்னேன். இது அந்த வண்டியே இல்ல தாயி, சேசையே மாத்தியாச்சு, இது வேற வண்டின்னு. ஏறிட்டாளுக.”

“நம்பர்?”

“புதுச் சேசுக்குக் கடக்காரன்கிட்ட பேப்பர் இல்ல. ஆர்.டி.ஓ.வுக்கு அதே நம்பர் வேணும்ல. எஃப்.சி. ஆகணும்ல. அதான் அத மட்டும் வெட்டி வச்சுட்டாங்க.”

வேலைக்குப் போகும் பெண்களிடம், இது வேறு வண்டி. அரசாங்கத்திடம், இது அதே வண்டி. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டிலுமே கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முழுப்பொய் என்றால் எப்போதாவது வெளுத்துவிடும். பலகை மாறிய கப்பலின் குழப்பம் தத்துவ வகுப்பில் தீராத புதிர். வாழ்க்கையில் அது ஒரு வசதி. லாபம் வரும்போது அதே ஆள். பொறுப்பு வரும்போது நான் வேறு ஆள். பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனிகள், கட்சி மாறிய தலைவர்கள், ‘அப்ப நான் சின்னப் பையன்’ என்கிற நாம், எல்லோரும் இதைச் செய்கிறோம்.

அந்த வருடம் தைப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தேன். சந்தன நிற ஜீப்பில் மெட்டு வரை போய்வந்தேன். ஆட்டோமொபைல் இரண்டாம் வருடம். முன்னால் குனிந்து பார்த்திருந்தால் உருண்டைக் குழாய் தெரிந்திருக்கும். பெயிண்ட் ஏன் மாறியது என்றுகூட நான் கேட்கவில்லை. அடுத்த வருட ஃபீஸ் அந்த வண்டி மறுபடி ஓடியதால் வந்தது.

*

நாகசேனரின் தேரோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. அதே நூலில் இன்னோர் இடம் உண்டு. மாறிக்கொண்டே இருப்பவனுக்குப் பழைய வினை எப்படி ஒட்டும் என்று மிலிந்தன் கேட்கிறான். நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைச் சொல்கிறார். பிடிபட்டவன், ‘இவன் மண்ணில் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, ஆகவே நான் இவனுடையதைத் திருடவில்லை’ என்று வாதாடுகிறான். விடலாமா? கூடாது என்கிறான் அரசன். நட்டது வேறாக இருந்தாலும் பறித்தது அதிலிருந்து வந்ததுதானே.

தேரைப் பிரித்துப் பிரித்து ‘இல்லை’ என்று காட்டிய அதே பிக்கு, கணக்குத் தீர்க்கும் இடத்தில் திருடனை விடவில்லை. இரண்டுக்கும் முரண் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றாகவே இருப்பது எதுவும் இல்லை, ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. பொறுப்புக்கு அது போதும். அதே சேஸ் இல்லை, அதே பெயிண்ட் இல்லை. ஆனாலும் சந்தன நிற ஜீப் சம்பாதித்ததெல்லாம் நீல நிற ஜீப்பிலிருந்து வந்தது. என் டிப்ளமாவும் அந்த மாங்காய்தான்.

நதிமூலம் பார்க்கக்கூடாது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நதிக்கு ஒரே மூலம் கிடையாது. நூறு ஓடை வந்து சேர்ந்ததுதான் நதி. ஒற்றை மூலத்தைத் தேடுகிறவன் அழகான ஓடையாகப் பார்த்து எடுத்துக்கொள்வான். கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டியது 1944. வண்டியை வாங்கியதும் சந்தன நிறத்தையும் நீலத்தையும் சுரண்டி எறிந்து, டீசல் எஞ்சினை இறக்கி, ராணுவப் பச்சை அடித்து, வெள்ளையில் எம் எழுதுவார். இன்று பிலிப்பைன்ஸில் செய்த புது ஜீப் பாடி கிடைக்கிறது. எஃப் குத்திய புதுப் போல்ட்டுகளே விற்பனைக்கு உண்டு. ஒரு வருடத்தில் அது அசல் போர் ஜீப்பாகிவிடும். போரில் அதிகம்போனால் இரண்டு வருடம். மெட்டுச் சாலையில் முப்பத்தைந்து வருடம். பர்மாவில் இதில் யார் செத்தார்கள் என்று ஆர்வமாகக் கேட்பார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போய் யார் செத்தார்கள் என்று கேட்க எந்தச் சேகரிப்பாளரும் இல்லை. மாமாவும் பர்மா கதையை ஐம்பது வருடம் சொல்லியிருக்கிறார். இதை ஒருநாளும் சொல்லவில்லை.

*

கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம் என்று நினைத்தது மூன்று பக்கம் வந்தது. சேஸ் வில்லிஸ், தகடு இல்லை. சேஸ் எண் ஃபோர்டு, இன்ன அளவுத் துண்டில் வெட்டிப் பதித்தது, வருடம் 1982. பானெட் போர்க்காலத்தது, பிரிட்டிஷ் ராணுவ எண்ணின் மிச்சம் தெரிகிறது; மற்றப் பாகங்களோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று சொல்ல ஆதாரமில்லை. எஞ்சின் இன்னது. அதன் பிறகு ஒரு பத்தி: 1974 முதல் இந்த வண்டி என்ன வேலை செய்தது, யாரை ஏற்றிச் சென்றது, 1982 ஐப்பசியில் என்ன நடந்தது, பிரேக் பழுது முன்பே தெரிந்திருந்தது என்பது.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். பிரேக் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அடிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தம்மா பேரு எழுதலயே?”

“எனக்குத் தெரியாது மாமா.”

சொன்னார். தேடாமல், நிறுத்தாமல், தகப்பன் பெயரோடு சொன்னார். இங்கே நான் அதை எழுதவில்லை; அவருடைய மக்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் எழுதினேன். பிறகு சேஸ் எண்ணை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஆர்.சி. புத்தகத்தை எடுக்கப் போனேன். அதையும் பார்க்காமலே சொன்னார்.

பத்து நாள் கழித்து கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார். இவ்வளவு நுணுக்கமாக யாரும் பார்த்துத் தந்ததில்லை என்றார். பானெட்டும் சேஸும் போர்க்காலம் என்பதே போதும், வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் இரண்டு விஷயம். அந்தக் கடைசிப் பத்தி வேண்டாம், அது வண்டியின் தொழில்நுட்ப வரலாறு இல்லையே. அப்புறம் அந்த வெல்டிங். தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், ராவி மெழுகினால் தெரியாது, வில்லிஸ் தகடும் புதிதாக அடித்துக்கொள்ளலாம். பேப்பர் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாமாவிடம் சொன்னேன். விலையையும் சொன்னேன். அத்தை கதவோரம் நின்றிருந்தாள்.

“ஒரு தடவ மாத்துனது போதும்னு சொல்லிரு” என்றார்.

அத்தையின் ஆபரேஷன் நடந்தது. மாமா கொஞ்சம் நகையை விற்றார், மீதியை நான் போட்டேன். போட்டது தருமம் என்று நினைக்கவில்லை. அந்தக் கணக்கில் எனக்கும் பாக்கி இருக்கிறது. மெய்யான பாக்கி வேறு வீட்டில் இருக்கிறது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் மகளைப் பார்க்கப் போனார். மகளுக்கே அறுபதை நெருங்கும் வயது. திண்ணையில் உட்கார்ந்தோம். பிரேக் விஷயத்தை மாமா சொன்னார். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தெரியும். டிரைவர் அண்ணன் அப்பவே வந்து சொல்லிட்டுத்தான் போனாரு” என்றார். தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

ஜீப் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. கடிதத்தின் ஒரு பிரதியை ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பிறகு யார் வாங்கினாலும் இரண்டும் சேர்ந்தே கைமாறட்டும்.